தேர்ச்சியின் பிடி

மனநிறைவு தராத வேலையில் பொறியாளர்கள் பல ஆண்டுகள் தங்கிவிடுவதற்குப் பணத்தாசையையோ துணிவின்மையையோ காரணமாகச் சொல்லிவிடுவது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எளிது. சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலையில், 2000ஆம் ஆண்டுக்குப் பிந்தைய இரு பத்தாண்டுகளில் மென்பொருள் சேவை நிறுவனங்களில் பணியாற்றிய தலைமுறையை அருகிலிருந்து அறிந்தவர்களுக்கு அந்த விளக்கம் போதாது; அங்கே தங்கிவிட்டவர்களில் பெரும்பாலோர் பேராசைக்காரர்களும் அல்லர், கோழைகளும் அல்லர். அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் கணினி அமைப்பைச் சென்னையிலிருந்து பராமரித்த குழு ஒன்றில் இக்கட்டுரையாளர் பணியாற்றிய காலத்து மனிதர்களையும் நடைமுறைகளையும் நினைவுகூர்ந்து, அவர்களைப் பிடித்துவைத்தது எது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. கடன், குடும்பம், விசா போன்ற காரணங்களுக்கு அதில் பங்கு உண்டு. ஆயினும் அவற்றுக்கெல்லாம் அடியில், வேலையை நன்றாகச் செய்யச் செய்ய வெளியேறும் வழி குறுகிக்கொண்டே போகும் ஓர் ஏற்பாடு இருந்தது என்பதே அந்நினைவுகளிலிருந்து பெறப்படும் முடிவு.

அத்தலைமுறை அவ்வேலைக்கு வந்து சேர்ந்த வழியை முதலில் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 1980களின் நடுப்பகுதியிலிருந்து, அரசின் நிதியுதவியின்றி மாணவர் கட்டணத்தைக் கொண்டே நடக்கும் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் தொடங்கப்பட்டன. 1990களின் பிற்பகுதியில், மாணவர்களைத் தரவரிசைப்படி ஒரே இடத்துக்கு அழைத்துக் கல்லூரியையும் பாடப்பிரிவையும் தேர்ந்தெடுக்கச் செய்யும் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வந்தது. 2000ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. இவை அடுத்தடுத்து நிகழ்ந்ததால், சிற்றூர்களிலிருந்து முதல் தலைமுறைப் பட்டதாரிகளாக வந்தவர்களுக்குப் பொறியியல் படிப்பும் மென்பொருள் வேலையும் ஒரே பாதையின் இரு கட்டங்களாகத் தோன்றின. இயந்திரவியல் படித்தவர், கட்டடப் பொறியியல் படித்தவர், மின்னியல் படித்தவர் என எல்லாரையும் அப்பாதை ஒரே வாயிலில் கொண்டுவந்து சேர்த்தது.

அந்த வாயில் கல்லூரி வளாகத்திலேயே இருந்தது. இறுதியாண்டு தொடங்கும்போதே பெரிய மென்பொருள் நிறுவனங்கள் கல்லூரிக்கு வந்து, கணக்கறிவையும் தர்க்க அறிவையும் சோதிக்கும் எழுத்துத் தேர்வையும் அதன்பின் நேர்காணலையும் நடத்தி, ஒரே நாளில் நூற்றுக்கணக்கானோரைத் தேர்ந்தெடுத்தன. ஒரு நிறுவனத்தில் இடம் கிடைத்தவர் அடுத்து வரும் நிறுவனத்தின் தேர்வில் அமரக் கூடாது என்பது பல கல்லூரிகளின் விதி. எல்லாருக்கும் வாய்ப்புக் கிடைக்க வேண்டும் என்ற நல்ல நோக்கத்தில் அது வகுக்கப்பட்டிருந்தாலும், பெருந்தொகையாக ஆள் எடுக்கும் நிறுவனங்களே முதலில் வந்ததால், இயந்திரம் செய்யும் தொழிற்சாலையோ கட்டுமான நிறுவனமோ பின்னர் வந்தபோது அவற்றில் சேர விரும்பியவர்கள் ஏற்கெனவே வேறிடத்துக்கு உரியவர்களாகியிருந்தனர். தாம் படித்த துறையிலேயே கிடைக்கும் வேலையை மாணவர்கள் 'கோர்' என்று அழைத்தனர். அம்பத்தூரிலும் ஓசூரிலும் இருந்த சிறு ஆலைகளில் அத்தகைய வேலை கிடைத்தாலும், தொடக்கச் சம்பளம் மென்பொருள் நிறுவனம் தருவதைவிடக் குறைவாகவே இருந்தது. 'ரெண்டு வருஷம் ஐ.டி.யில இருந்துட்டு கோருக்குப் போயிடலாம்' என்ற சொல் அன்றைய விடுதி அறைகளில் அடிக்கடி கேட்டது. சொன்னவர்கள் அதை உண்மையாகவே நம்பினர்.

வேலையில் சேர்ந்த பிறகு சில மாதப் பயிற்சி நடந்தது. ஜாவா மொழியைப் படித்து முடித்தவரும் அதிலேயே வேலை பெறுவார் என்று சொல்ல முடியாது. எந்த வாடிக்கையாளருக்கு எத்தனை பேர் தேவை என்ற கணக்கே ஒருவர் எந்தத் தொழில்நுட்பத்துக்குப் போவார் என்பதை முடிவு செய்தது. எந்தப் பணியும் ஒதுக்கப்படாமல் சம்பளம் வாங்கிக்கொண்டு காத்திருக்கும் நிலையை 'பெஞ்ச்' என்பார்கள். 2001லும் 2008லும் அமெரிக்கப் பொருளாதாரம் சரிந்தபோது பெஞ்ச் நீண்டால் வேலையே போய்விடும் என்று அனைவரும் அறிந்திருந்ததால், கிடைத்த திட்டத்தை மறுப்பின்றி ஏற்பது இயல்பாயிற்று. இக்கட்டுரையாளர் சேர்ந்த குழுவில் இருந்தவர்கள் இவ்வாறே மெயின்ஃபிரேம் என்னும் பெருங்கணினியிடம் வந்து சேர்ந்தனர். வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் பல பத்தாண்டுகளாக நம்பியிருக்கும் அக்கணினிகளில் ஓடும் நிரல்கள் பெரும்பாலும் கோபால் என்ற மொழியில் எழுதப்பட்டவை. அம்மொழி 1959இல் வடிவமைக்கப்படத் தொடங்கியது, குழுவில் இருந்தவர்களோ 1980களில் பிறந்தவர்கள்.

அப்பணியின் தன்மையை விளங்கிக்கொள்ள, அதன் மையமான ஒரு நிகழ்ச்சியை விரிவாகக் காண்பது தகும். காப்பீட்டு நிறுவனத்தில் பகல் முழுவதும் சேரும் பிரீமியத் தொகைகளும் இழப்பீட்டுக் கோரிக்கைகளும் இரவில் ஒரே தொகுப்பாகக் கணக்கில் ஏற்றப்படும். ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் நூற்றுக்கணக்கான நிரல்களின் அந்த வரிசைக்கு 'பேட்ச்' என்று பெயர். ஏதேனும் ஒரு நிரல் பாதியில் நின்றுவிட்டால் அதை 'அபெண்ட்' என்பார்கள். அவற்றுள் மிகவும் பழக்கமானதைக் குழுவினர் 'சாக் செவன்' என்றழைத்தனர். எண் இருக்க வேண்டிய இடத்தில் எண் அல்லாத ஏதோ ஒன்று வந்துவிட, அதைக் கொண்டு கணக்குப் போட முடியாமல் கணினி நின்றுவிடும் நிலை அது. பிரீமியத் தொகை இருக்க வேண்டிய இடத்தில் வெற்றிடம் மட்டும் உள்ள ஒரேயொரு பதிவு, பல லட்சம் பதிவுகள் கொண்ட கோப்பில் எங்கோ கிடக்கும். நின்ற நேரத்து நினைவகத்தின் அச்சான 'டம்ப்'பைத் திறந்து, எந்தக் கட்டளையில் நின்றது என்பதை முகவரியைக் கொண்டு கண்டுபிடித்து, அந்தக் கட்டளை எந்தப் புலத்தைத் தொட்டது என்று நிரலில் தேடி, குற்றமுள்ள பதிவைத் தனியே எடுத்துவைத்து, நின்ற படியிலிருந்து பேட்ச்சை மீண்டும் ஓட விட வேண்டும்; அமெரிக்காவில் காலை அலுவலகம் திறப்பதற்குள் அது முடிந்தாக வேண்டும். இதைச் செய்யும் பொறியாளருக்கு அந்த ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் விறுவிறுப்பு உண்மையானது. ஆனால் அதே கோளாறு அடுத்த மாதமும் வரும் என்பதும், அதற்குக் காரணமான நிரலைத் திருத்தி எழுத வாடிக்கையாளர் பணம் ஒதுக்க மாட்டார் என்பதும் அவருக்குத் தெரியும்.

அக்குழுவில் விருதுநகர் மாவட்டத்தின் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்த, இயந்திரவியல் படித்த ஒருவர் இருந்தார். காலாண்டு முடியும் இரவில் எந்த நிரல் தடுமாறும், எந்த மாநிலத்தின் வரி விதி எந்தக் கோப்பில் ஒளிந்திருக்கிறது, ஆவணத்தில் ஒருவாறும் நடைமுறையில் வேறுவாறும் இருக்கும் புலங்கள் எவை என்பவை எல்லாம் அவருக்கு அத்துப்படி. அமெரிக்காவிலிருந்து அழைப்பவர்கள் மேலாளரைக் கேட்காமல் அவர் பெயரைச் சொல்லியே கேட்பார்கள். அந்த மதிப்பு அவருக்குப் பிடித்திருந்தது. அந்த வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. இயந்திர வடிவமைப்பு நூல்களை அவர் தம் அறையில் பல ஆண்டுகள் வைத்திருந்தார்; ஓய்வான மாலைகளில் காற்றாலைச் சிறகின் வடிவம் பற்றி அவர் பேசும்போது வெளிப்பட்ட உற்சாகம், சாக் செவனைத் தீர்த்த இரவுகளில் ஒருபோதும் வெளிப்பட்டதில்லை. குழு மாற்றம் கேட்டு அவர் மேலாளரிடம் சென்றபோதெல்லாம் கிடைத்த மறுமொழி ஒன்றே: 'நீ போயிட்டா இந்த பேட்ச்ச யாருப்பா பார்ப்பா? கிளையண்ட் விடமாட்டேங்குறான். இந்த ரிலீஸ் முடியட்டும், நானே மாத்தி விடுறேன்.' அதில் வஞ்சகம் இல்லை. மேலாளரும் அதே கயிற்றில் கட்டுண்டவர்தாம். ஆனால் ரிலீஸ் எனப்படும் மென்பொருள் வெளியீடுகள் முடிவதில்லை.

அவர் வெளியிடங்களிலும் நேர்காணலுக்குச் சென்றார். அங்கே அவரிடம் கேட்கப்பட்டது, 'புதுசா ஏதாவது டெவலப் பண்ணியிருக்கீங்களா, இல்ல சப்போர்ட் மட்டும்தானா?' என்பதே. தம்மால் ஓர் இரவில் காப்பாற்றப்பட்ட கணக்குகளின் அளவை அவரால் சொல்ல முடியவில்லை. வாடிக்கையாளரின் நிரலையோ தரவையோ வெளியில் காட்டுவதையும் விவரிப்பதையும் தடுக்கும் இரகசியக்காப்பு ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்திட்டிருந்தார். பாலம் கட்டியவர் பாலத்தைக் காட்டலாம். இயந்திரம் செய்தவர் இயந்திரத்தைக் காட்டலாம். பராமரிப்புப் பொறியாளரின் வெற்றி என்பது எதுவும் நிகழாமல் இருப்பதே ஆகையால், அதற்குச் சான்றாகக் காட்டத்தக்க பொருள் ஏதும் எஞ்சுவதில்லை.

இந்நிலையைப் புரிந்துகொள்ள, அமெரிக்கப் பொருளியலாளர் கேரி பெக்கர் 1964இல் வெளியிட்ட 'மனித மூலதனம்' என்ற நூலில் செய்யும் பாகுபாடு உதவுகிறது. வேலையில் ஒருவர் கற்பவற்றை அவர் இரு வகையாகப் பிரித்தார்: எந்த நிறுவனத்துக்குச் சென்றாலும் பயன்படுவது பொதுத் திறன், கற்ற நிறுவனத்தில் மட்டுமே பயன்படுவது தனித் திறன். விருதுநகர்ப் பக்கத்துக் கண்மாய்களில் மடை திறந்து தண்ணீர் பங்கிடும் நீர்ப்பாய்ச்சிக்குத் தம் ஊர்க் கண்மாயின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் தெரியும் என்றாலும், பக்கத்து ஊருக்குப் போனால் அவர் புதியவரே. தனித் திறனின் இயல்பும் அத்தகையதே. அக்குழுவின் பொறியாளர்களிடம் ஆண்டுதோறும் வளர்ந்தது பெரும்பாலும் இந்தத் தனித் திறன். நிறுவனத்துக்குள் அவர்களுடைய மதிப்பு ஏற ஏற, வெளியில் அவர்களுக்குக் கிடைக்கக்கூடிய மதிப்புடன் இருந்த இடைவெளி விரிந்தது. சுமாராக வேலை செய்தவரை விடுவிக்க மேலாளர் தயங்கவில்லை, அவர் வேறு திட்டத்துக்குச் சென்று புதியது கற்றார். சிறப்பாகச் செய்தவரே அங்கே நிறுத்திவைக்கப்பட்டார். திறமைக்குத் தண்டனை என்று சொல்லத்தக்க இந்த விளைவை யாரும் திட்டமிட்டு உண்டாக்கவில்லை என்பதால்தான் அதை எதிர்த்து யாரிடமும் முறையிடவும் முடியவில்லை.

நல்ல சம்பளம் இருந்தும் நிறைவு இல்லாதது ஏன் என்ற கேள்விக்கும் ஆய்வுலகில் விடை உண்டு. அது பொறியாளர்களைக் கொண்டே கண்டறியப்பட்டது. அமெரிக்க உளவியலாளர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க்கும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் பிட்ஸ்பர்க் வட்டாரத்தின் ஏறத்தாழ 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் நேர்கண்டு 1959இல் வெளியிட்ட நூலில், நிறைவைத் தருபவையும் நிறைவின்மையை நீக்குபவையும் வெவ்வேறு என்று வாதிட்டனர். சம்பளம், பணிச்சூழல், மேலாண்மை விதிகள் முதலியன சரியாக இருந்தால் குறை நீங்கும். ஆனால் சாதித்தோம் என்ற உணர்வு, அங்கீகாரம், வேலையின் உள்ளார்ந்த சுவை, வளர்ச்சி ஆகியவையே நிறைவைத் தரும். இதன்படி, குறையும் இல்லாமல் நிறைவும் இல்லாமல் ஒருவர் நெடுங்காலம் இருக்க இயலும். பழைய மாமல்லபுரம் சாலையின் குளிரூட்டப்பட்ட மாடிகளில் மாதக் கடைசியில் தவறாமல் சம்பளம் வந்துகொண்டிருந்தது. உணவகமும் பேருந்தும் மருத்துவக் காப்பீடும் இருந்தன. எழுந்து போகச் செய்யும் அளவுக்கு வலி இல்லை. வலி இல்லாததையே நலம் என்று எடுத்துக்கொள்ளும்படி ஊரும் உறவும் சொல்லின. அவ்வாறு எடுத்துக்கொள்ள முடியாதவர் தம்மையே குற்றவாளியாகக் கருதிக்கொண்டார்.

பணத்தின் பங்கைப் பற்றிச் சொல்லும்போது, அது ஆசையாக வேலை செய்ததைவிடக் கடமையாக வேலை செய்ததே மிகுதி என்பதை வலியுறுத்த வேண்டும். இந்திய வங்கிகள் சங்கம் 2001இல் வகுத்த முன்மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தின்படி 4 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணையின்றிக் கடன் கிடைத்தது. அதனால் படிப்பு சாத்தியமாயிற்று. வேலை கிடைத்த சில மாதங்களிலேயே தவணையும் தொடங்கிற்று. அது முடியும் தறுவாயில் தங்கையின் திருமணம் வந்தது. அதன்பின் மேடவாக்கத்திலோ கேளம்பாக்கத்திலோ ஓர் அடுக்கக வீடு, அதற்கு 20 ஆண்டுக் கடன். வீட்டுக்கடனின் மாதத் தவணை மாறாத் தொகையாக இருந்தாலும் முதல் சில ஆண்டுகளில் அதில் பெரும்பகுதி வட்டிக்கே போய்விடும். ஆகையால் பல ஆண்டு கட்டிய பின்னும் அசல் அசையாமல் நிற்பதைக் காணும் ஒருவருக்குச் சம்பளம் குறைந்த வேறு வேலையை நினைத்துப் பார்க்கவே மனம் வராது.

வெளியில் அதிகம் பேசப்படாத இன்னொரு கட்டு, பெற்றோரின் மருத்துவச் செலவு. தனிநபராக எடுக்கும் மருத்துவக் காப்பீட்டில், சர்க்கரை நோயோ இதய நோயோ ஏற்கெனவே உள்ளவருக்குச் சில ஆண்டுக் காத்திருப்புக் காலம் கழிந்த பின்னரே அந்நோய்க்கான செலவு கிடைக்கும். நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்கு எடுக்கும் குழுக் காப்பீட்டில் பெரும்பாலும் அந்தக் காத்திருப்பு இல்லை, பெற்றோரையும் அதில் சேர்க்கலாம். ஊரில் இருக்கும் தந்தைக்கு இதய அறுவை செய்ய வேண்டியிருந்தபோது, மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் மகனின் அடையாள அட்டை எண்ணைச் சொன்ன மாத்திரத்தில் அனுமதி கிடைத்த அனுபவம் அக்குழுவில் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. அதன் பிறகு தொலைபேசியில் தந்தை கேட்கும் 'கம்பெனியில ஒண்ணும் பிரச்சன இல்லையேப்பா?' என்ற கேள்விக்கு, இந்த வேலை எனக்கு அலுத்துவிட்டது என்று எந்த மகனாலும் விடை சொல்ல இயலவில்லை. வேலையின் பலன் குடும்பம் முழுவதற்கும் கண்ணெதிரே பங்கிடப்பட்டது. அதன் வெறுமையோ ஒருவருக்குள்ளேயே இருந்தது. இவ்விரண்டையும் ஒரே தராசில் நிறுக்க முற்படுவதையே அவர்கள் தன்னலம் என்று எண்ணினர்.

பெண் பொறியாளர்களுக்கு இக்கட்டு மேலும் நுட்பமானது. மகப்பேறு நலச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டு, ஊதியத்துடன் கூடிய விடுப்பு 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்ந்தது வரவேற்கத்தக்க மாற்றம். ஆயினும் பேறு எதிர்பார்க்கப்படும் நாளுக்கு முந்தைய 12 மாதங்களில் அந்த நிறுவனத்தில் குறைந்தது 80 நாள் பணியாற்றியிருக்க வேண்டும் என்பது சட்டத்தின் விதி ஆகையால், குழந்தை பெற எண்ணும் காலத்தில் வேலை மாறுவதைப் பலர் தவிர்த்தனர். விடுப்பு முடிந்து திரும்பியவருக்கு, வீட்டுத் தெருமுனையில் நிற்கும் நிறுவனப் பேருந்தும், அவசரத்துக்கு முன்னதாகக் கிளம்ப அனுமதிக்கும் பழகிய மேலாளரும் சம்பளத்தைவிட அரியவை. அக்குழுவின் தலைவியாக இருந்த ஈரோட்டுப் பெண்மணி, தரவுக் கட்டமைப்பை வடிவமைப்பதில் யாருக்கும் இளைத்தவரல்லர். பக்கத்துக் கட்டடத்தில் அவருக்கேற்ற பதவி திறந்தபோது, 'அங்க எனக்கு யாரையும் தெரியாதுப்பா, குழந்தைக்குக் காய்ச்சல்னா யார்கிட்ட போய்ச் சொல்றது?' என்று அதைக் கைவிட்டார். நம்பிக்கையும் ஒரு சேமிப்பு. அதை மட்டும் ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்கு மாற்றிக்கொள்ள முடிவதில்லை.

வெளிநாட்டுப் பணியான 'ஆன்சைட்' மற்றொரு பெரும் ஈர்ப்பு. வாடிக்கையாளரின் ஊருக்கே சென்று பணியாற்றும் வாய்ப்பு அடுத்த ஆண்டு வரும் என்ற எதிர்பார்ப்பில் பலர் காத்திருந்தனர். வாய்ப்புப் பெற்றுச் சென்றவர்களுக்கோ காத்திருப்பு வேறு வடிவில் தொடர்ந்தது. அமெரிக்காவின் எச்-1பி விசா பொதுவாக ஆறு ஆண்டுக்குரியது. நிரந்தர வசிப்புரிமைக்கான நிறுவனத்தின் மனு ஏற்கப்பட்டால் அதற்கப்பாலும் நீட்டிக்கலாம். ஆனால் வேலைவாய்ப்பு வழிக் குடியேற்ற அட்டைகளில் எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் 7 விழுக்காட்டுக்கு மேல் பொதுவாகக் கிடையாது என்ற உச்சவரம்பினால், இந்தியாவில் பிறந்தோரின் வரிசை பல்லாண்டு நீளமுடையதாயிற்று. நிறுவனம் மாறினால் வரிசையில் பெற்ற தேதியைத் தக்கவைத்துக்கொள்ளலாம் என்றாலும் மனுக்களைத் தொடக்கத்திலிருந்து மீண்டும் போட வேண்டும். வேலை போய்விட்டாலோ 60 நாட்களுக்குள் வேறு வழி காண வேண்டும். பள்ளி செல்லும் குழந்தைகளோடு அங்கே வாழ்பவர்கள் இந்நிலையில் வேலையின் சுவையைப் பற்றி யோசிப்பதை ஒத்திவைத்ததில் வியப்பில்லை.

உண்மையில் ஒத்திவைத்தல் என்பதே அவ்வாழ்க்கையின் நாட்காட்டியாக இருந்தது. ஆண்டு மதிப்பீடான அப்ரைசல் முடிந்து ஊதிய உயர்வுக் கடிதம் வரட்டும். அதன்பின் செயல்திறனையொட்டித் தரப்படும் மாறுதொகை வரட்டும். பதவி உயர்வு வரிசையில் பெயர் இருக்கிறது, அது வரட்டும். ஐந்து ஆண்டு நிறைவடைந்தால் 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டப்படி, பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம் கிடைக்கும், அது நிறையட்டும் என்று, அடுத்த தேதி எப்போதும் சில மாதத் தொலைவிலேயே இருந்தது. ஒவ்வொரு தேதிக்கும் காத்திருப்பது தனித்தனியே பார்த்தால் அறிவுடைய செயல். அவற்றின் கூட்டுத்தொகைதான் ஒரு பத்தாண்டு. தேதிகள் எல்லாவற்றையும் கடந்து ஒருவர் முடிவெடுத்தாலும், பல பெரிய நிறுவனங்களில் அறிவிப்புக் காலம் 90 நாட்களாக இருந்தது. புதிய நிறுவனமோ ஒரு மாதத்துக்குள் வரச் சொல்லும். இடையில் விடுவிப்புக் கடிதம் இல்லாமல் போனால் பின்புலச் சரிபார்ப்பில் சிக்கல் வரும் என்ற அச்சம் வேறு. அந்த மூன்று மாதங்களில் மேலாளர், அவருக்கு மேலாளர், மனிதவளத் துறையினர் என ஒவ்வொருவராகப் பேசிப் பேசி, எழுதிக் கொடுத்த விலகல் கடிதத்தைத் திரும்பப் பெற்றவர்களும் உண்டு.

பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் எழுதிய நூலில், நிறுவனம் ஒன்றில் குறை காண்பவருக்கு இரு வழிகள் உண்டு என்றார்: வெளியேறுதல் ஒன்று, குரல் கொடுத்தல் மற்றொன்று. வெளியேறும் வழி குறுகியபோது குரலாவது ஓங்கியிருக்க வேண்டும். ஆனால் எந்த நிரலைத் திருத்தி எழுதலாம், எதை அப்படியே விடலாம் என்று முடிவெடுப்பவர்கள் கடலுக்கு அப்பால் இருந்தனர். அவர்களுக்கும் பொறியாளருக்கும் நடுவில் ஒப்பந்தம் இருந்தது. ஊழியர்களைத் தர வரிசைப்படுத்தி, உயர்ந்த தரம் பெறுவோர் இத்தனை விழுக்காடு, தாழ்ந்த தரம் பெறுவோர் இத்தனை விழுக்காடு என்று முன்கூட்டியே வரையறுக்கும் பெல் கர்வ் முறை, ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தவர்களைப் போட்டியாளர்களாக்கியது. மென்பொருள் ஊழியர்களும் தொழிற்சங்கம் அமைக்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2016இல் தெளிவுபடுத்திய பின்னரும், தம்மைத் தொழிலாளர் என்று அழைத்துக்கொள்ளப் பெரும்பாலோர்க்குத் தயக்கம் இருந்தது. பொறியாளர் என்ற பட்டத்தைப் பெறக் குடும்பம் எவ்வளவு கொடுத்தது என்பதை அறிந்தவர்களுக்கு அத்தயக்கத்தின் காரணம் புரியும். ஆனால் அதற்குத் தந்த விலை, தம் குறையைச் சொல்ல ஒரு மொழி இல்லாமற் போனது.

வெளியேறியவர்களும் இருந்தார்கள். ஒருவர் அரசுத் தேர்வு எழுதிப் பொதுப்பணித் துறையில் சேர்ந்தார். ஒருவர் கோவையில் உறவினரின் பம்பு ஆலைக்குச் சென்று இயந்திரவியலுக்குத் திரும்பினார். அவர்களைத் தங்கியவர்களிடமிருந்து பிரித்தது துணிவு அன்று. வாழ்க்கைத் துணையின் வருமானமோ, ஊரில் கொஞ்சம் நிலமோ, கடனற்ற வீடோ, தோற்றாலும் விழாமல் தாங்கும் ஏதோ ஒன்று அவர்களுக்கு இருந்தது. அதோடு, அவர்களில் பலர் குழுவுக்கு இன்றியமையாதவர்களாக ஆவதற்கு முன்பே கிளம்பியவர்கள். விருதுநகர்க்காரர் அவ்வாறு முன்பே கிளம்பத் தவறினார். சில ஆண்டுகளுக்குப் பின் அக்காப்பீட்டு நிறுவனம் பழைய அமைப்பைக் கைவிட்டுப் புதியதற்கு மாற முடிவு செய்தபோது, அவர் அறிந்ததை எல்லாம் வேறொரு குழுவுக்குச் சொல்லிக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார். 'கேடி' எனப்படும் அந்த அறிவுக் கையளிப்பை அவர் தமக்கே உரிய பொறுப்புடன், எதையும் மறைக்காமல் செய்தார். அது முடிந்ததும் அவரை விடமுடியாது என்று சொல்ல யாருக்கும் தேவை இருக்கவில்லை. நாற்பதை நெருங்கும் வயதில், தம்மைவிடப் பதினைந்து ஆண்டு இளையவர்களோடு அமர்ந்து மேகக் கணினியியல் படிக்கத் தொடங்கினார். அவரைப் பிடித்துவைத்த கட்டு ஒருபக்கக் கட்டு என்பது அப்போதுதான் எல்லாருக்கும் தெளிவாயிற்று.

இவ்வளவும் சொல்வதால் தங்கியவர்களின் ஆண்டுகள் வீண் என்று பொருள்படாது. அச்சம்பளத்தில் தங்கைகள் படித்தார்கள், ஓட்டு வீடுகள் மாடி வீடுகளாயின, தந்தையர் அறுவை முடிந்து வீடு திரும்பினார்கள். கடல் கடந்த நாட்டில் முகமறியாத மனிதர்களின் இழப்பீட்டுத் தொகை உரிய நாளில் போய்ச் சேர்ந்தது. இவை மதிப்புக்குரிய பணிகள். ஆயினும் இயந்திரமும் கட்டடமும் செய்யக் கற்ற பல்லாயிரம் பேரின் ஆர்வம், அதைப் பயன்படுத்தும் இடம் காணாமலே அடங்கியது என்பதும் உண்மை. அது அவர்களுடைய இழப்பு மட்டுமன்று, அவர்கள் செய்திருக்கக்கூடிய பொருள்களைப் பெறாத நாட்டின் இழப்பும் ஆகும்.

இதை மாற்றத் தனிமனிதத் துணிவை மட்டும் நம்புவது நியாயமாகாது. ஓர் அமைப்பைப் பற்றிய அறிவு ஒரே ஆளிடம் தேங்காமல் எழுதிவைக்கப்படவும், இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பொறியாளர் பணி மாறவும் நிறுவனங்கள் வழி செய்ய வேண்டும். அது நிறுவனத்துக்கும் பாதுகாப்பு. அறிவிப்புக் காலம் ஒரு மாதமாகச் சுருங்க வேண்டும். முதலில் வந்த நிறுவனத்தோடு மாணவரைக் கட்டிவிடும் விதியைக் கல்லூரிகள் கைவிட வேண்டும். பெற்றோரின் மருத்துவக் காப்பீடு வேலையோடு பிணைக்கப்படாமல் மனிதரோடு செல்ல வேண்டும். இளம் பொறியாளர்களுக்குச் சொல்லத்தக்கது ஒன்று உண்டு: ஆண்டு இறுதியில் ஊதிய உயர்வைக் கணக்கிடும்போது, இந்த ஆண்டு கற்றவற்றுள் வேறிடத்திலும் பயன்படுவது எவ்வளவு என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும், அந்தக் கணக்கு இரண்டு ஆண்டு தொடர்ந்து வெறுமையாக இருந்தால், கதவு இன்னும் திறந்திருக்கும்போதே அதைப் பற்றிப் பேசத் தொடங்க வேண்டும். போக முடிந்தவர் போகாமல் இருக்கும்போதுதான் அவர் அந்த வேலையை விரும்பி இருக்கிறார் என்று சொல்ல இயலும். போக முடியாதவரின் நெடிய சேவையை விசுவாசம் என்று பாராட்டி நினைவுப் பரிசு வழங்கும் நிறுவனங்கள், அப்பாராட்டுக்கு முன் இந்த வேறுபாட்டை ஆராய்ந்து பார்க்கக் கடமைப்பட்டவை.